பிரெஞ்சில் ஊர்ப்பெயருக்கு முன்னால் என்ன வரும்?

பாரிஸில் இருக்கிறேன், பாரிஸுக்குப் போகிறேன், பாரிஸிலிருந்து வருகிறேன். இந்த மூன்று உருபுகளை வைத்துக்கொண்டே தமிழில் உலகம் முழுக்கச் சுற்றிவிடலாம். பாரிஸ் இருக்கும் இடத்தில் ஜப்பானை வையுங்கள், அமெரிக்காவை வையுங்கள், கியூபாவை வையுங்கள். ‘இல்’, ‘கு’, ‘இலிருந்து’ மூன்றும் அப்படியே நிற்கும். ஊரா, நாடா, தீவா என்று தமிழ் கேட்பதில்லை. அங்கே இருக்கிறீர்களா, போகிறீர்களா, அங்கிருந்து வருகிறீர்களா என்பதுதான் அதற்கு வேண்டும்.

பிரெஞ்சுக்கு வேண்டியது வேறு. இருப்பதற்கும் போவதற்கும் அந்த மொழியில் ஒரே சொல். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வினைச்சொல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த ஒரு சொல் எது என்பது இடத்தைப் பொறுத்து மாறும். நகரமா நாடா, நாடென்றால் ஆண்பாலா பெண்பாலா, ஒருமையா பன்மையா, பெயர் உயிரொலியில் தொடங்குகிறதா, தீவென்றால் பெயரோடு ஆர்ட்டிகிள் (ஆங்கிலத்தின் ‘தி’ போன்ற சிறு சொல்) உண்டா என்று இத்தனையும் பார்த்துத்தான் முன்னிடைச்சொல் அமையும். பிரெஞ்சு படிக்கும் தமிழர்கள் இந்தப் பாடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ‘இல்’லுக்கு என்ன, ‘கு’வுக்கு என்ன என்று தமிழின் கேள்வியை வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். அதற்குப் பிரெஞ்சில் விடை கிடைக்காது. ‘இது எப்படிப்பட்ட இடம்?’ என்று கேட்டுப் பழகினால் பாடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

பிரெஞ்சுச் சொற்களை இங்கே அவற்றின் ஒலிக்கு நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். முதலில் ஐந்தாறு சிறு சொற்களை அறிமுகப்படுத்திக்கொள்வோம். ‘ஆ’ என்பது ஏ என்ற ஒற்றை எழுத்து. தலைமேல் இடமிருந்து வலமாகச் சரியும் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டை விட்டுவிட்டால் அது ‘வைத்திருக்கிறான்’ என்ற பொருள் தரும் வினைச்சொல்லாகிவிடும். ‘ஆன்’ என்பதை மூக்கொலியோடு சொல்ல வேண்டும். எழுதும்போது ஈ, என் என்ற இரண்டு எழுத்து. ‘ஓ’ இரண்டு வகை. ஏ-யூ என்று எழுதினால் ஆண்பால் ஒருமை. ஏ-யூ-எக்ஸ் என்று எழுதினால் பன்மை. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். பின்னால் உயிரொலி வந்தால் மட்டும் பன்மை ‘ஓ’ ‘ஓஸ்’ என்று ஒலித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ‘இலிருந்து’ என்பதற்கு ‘து’. அதன் மற்ற வடிவங்கள் ‘த்யூ’, ‘தே’.

இந்த இரட்டை வடிவங்கள் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டால் மனப்பாடச் சுமை குறையும். ஆண்பால் ஆர்ட்டிகிள் ‘லு’, பெண்பால் ‘லா’, பன்மை ‘லே’. ‘ஆ’வும் ‘லு’வும் அடுத்தடுத்து வந்தால் கட்டாயம் புணர்ந்து ‘ஓ’ ஆகும். ‘ஆ’வும் ‘லே’யும் சேர்ந்தால் பன்மை ‘ஓ’. அதேபோல் ‘து’வும் ‘லு’வும் சேர்ந்து ‘த்யூ’, ‘து’வும் ‘லே’யும் சேர்ந்து ‘தே’. பெண்பால் ‘லா’ மட்டும் யாரோடும் புணராது. ‘ஆ லா’, ‘து லா’ என்று தனித்தே நிற்கும்.

நகரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்த நாட்டு நகரமானாலும் ‘ஆ’தான்: ‘ஆ பாரி’, ‘ஆ லியோன்’, ‘ஆ சென்னை’, ‘ஆ பொந்திஷெரி’. அங்கிருந்து வருவதென்றால் ‘து பாரி’, ‘து பொந்திஷெரி’. புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பெயரில் இருப்பதும் இந்த ‘து பொந்திஷெரி’தான். காரைக்கால், ஏனாம், மாஹே எல்லாவற்றுக்கும் இதே விதி.

ஆர்ட்டிகிளைப் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கும் ஊர்களில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நார்மண்டியின் துறைமுக நகரம் ‘லு ஆவ்ர்’. அங்கே இருப்பதை ‘ஆ லு ஆவ்ர்’ என்று சொல்லக்கூடாது, ‘ஓ ஆவ்ர்’. அங்கிருந்து வந்தால் ‘த்யூ ஆவ்ர்’. கெய்ரோவுக்குப் பிரெஞ்சில் ‘லு கேர்’ என்று பெயர். எனவே ‘ஓ கேர்’. ஹவானாவும் மெக்காவும் ‘லா’ சுமப்பவை. எனவே ‘ஆ லா அவான்’, ‘ஆ லா மெக்’. பாரிஸுக்கு வடக்கே ஈழத்தமிழர்கள் பலர் வாழும் புறநகர்ப் பகுதியை எடுத்துக்கொண்டால் இந்தப் பாடம் முழுவதையும் அங்கேயே நடத்திவிடலாம். ‘லா கூர்னெவ்’ ஊரில் வீடு என்றால் ‘ஆ லா கூர்னெவ்’. பக்கத்து ஊர் ‘லு பூர்ஜே’; அங்கே என்றால் ‘ஓ பூர்ஜே’. பாரிஸை ஒட்டியிருக்கும் ‘லே லிலா’வில் என்றால் பன்மை ‘ஓ லிலா’. ஒரே மாவட்டத்துக்குள் மூன்று ஊர்கள், மூன்று வடிவங்கள். ரெயூனியோன் தீவில் ‘லு போர்’ என்றே ஓர் ஊர் உண்டு. ‘துறைமுகம்’ என்று பொருள். ‘ஓ போர்’ என்றால் அந்த ஊரிலா, துறைமுகத்திலா? எழுத்தில் பெரிய எழுத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இனி நாடுகள். பிரெஞ்சில் ஏறக்குறைய எல்லா நாட்டுப் பெயருக்கும் பால் உண்டு, ஆர்ட்டிகிளும் உண்டு. பிரான்ஸ், இந்தியா, சீனா, இத்தாலி பெண்பால். ஜப்பான், கனடா, பிரேசில், போர்ச்சுகல், மொராக்கோ, நேபாளம், வியட்நாம் ஆண்பால். பிரெஞ்சு எழுத்தில் பெயர் ஈ என்ற எழுத்தில் முடிந்தால் பெண்பால், வேறு எதில் முடிந்தாலும் ஆண்பால் என்று கொள்ளலாம். விதிவிலக்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மெக்சிகோ, கம்போடியா, மொசாம்பிக், ஜிம்பாப்வே, பெலிஸ், சுரினாம் ஆகிய பெயர்கள் பிரெஞ்சில் ஈ எழுத்தில் முடிந்தும் ஆண்பாலாகவே நிற்கின்றன.

பெண்பால் நாட்டுக்கு ‘ஆன்’: ‘ஆன் ஃப்ரான்ஸ்’, ‘ஆன் ஷீன்’, ‘ஆன் இத்தாலி’. இந்தியாவைச் சொல்லும்போது இடையிலுள்ள ‘ன்’ தெளிவாக ஒலித்து ‘ஆன் நேந்த்’ என்று கேட்கும். ‘ஆன்’ வந்தால் ஆர்ட்டிகிள் மறைந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். ‘ஆன் லா ஃப்ரான்ஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆண்பால் நாட்டுக்கு ‘ஓ’: ‘ஓ ஜப்போன்’, ‘ஓ கனடா’, ‘ஓ மெக்ஸிக்’. பன்மைப் பெயருக்குப் பன்மை ‘ஓ’: நெதர்லாந்துக்கு ‘ஓ பேயி பா’, மாலத்தீவுக்கு ‘ஓ மால்தீவ்’, அமெரிக்காவுக்கு ‘ஓஸ் எத்தாஸ் யூனி’. ஐக்கிய அரபு அமீரகமும் பிலிப்பைன்ஸும் இந்தக் கூட்டத்தில்தான் சேரும்.

ஆண்பாலாக இருந்தும் உயிரொலியில் தொடங்கும் நாடுகள் பெண்பால் நாடுகளோடு சேர்ந்துகொண்டு ‘ஆன்’ பெறுகின்றன. ஈரான், ஈராக், ஆப்கானிஸ்தான், அங்கோலா, உகாண்டா, உருகுவே எல்லாம் ஆண்பால்தான். ஆனாலும் ‘ஆன் இரான்’, ‘ஆன் அஃப்கானிஸ்தான்’. பாடநூல்கள் இதை ஒரு விதிவிலக்காக எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. அது எனக்குப் போதவில்லை, ஏனென்றால் இதற்கு அழகான காரணம் ஒன்று இருக்கிறது.

பழைய பிரெஞ்சில் எல்லா நாட்டுக்கும் ‘ஆன்’தான் இயல்பான சொல். ஆண்பால் ஆர்ட்டிகிள் ‘லு’ பின்னால் வந்தபோது இரண்டும் புணர்ந்து ஒரு குறுகிய வடிவம் உண்டானது. காலப்போக்கில் அதன் ஒலி தேய்ந்து, ‘ஆ’வும் ‘லு’வும் சேர்ந்து பிறந்த ‘ஓ’வோடு கலந்துபோயிற்று. இன்றைய ‘ஓ ஜப்போன்’ என்ற அமைப்பின் பின்னால் அந்தக் கலப்பு இருக்கிறது. ஆனால் இந்தப் புணர்ச்சி மெய்யொலிக்கு முன்னால் மட்டுமே நடந்தது. உயிரொலிக்கு முன்னால் ‘லு’ ஏற்கெனவே ‘ல்’ என்று குறுகிவிடுவதால் புணர அங்கே எதுவும் இல்லை. எனவே ‘ஆன்’ பிழைத்துக்கொண்டது. ஈரானுக்கு முன்னால் இன்று நிற்பது அந்தப் பழைய ‘ஆன்’தான். பன்மை ‘லே’யோடு ‘ஆன்’ புணர்ந்து உண்டான ‘எஸ்’ என்ற வடிவமும் முழுதாகச் சாகவில்லை. இலக்கியத்தில் முனைவர் என்பதற்கான பிரெஞ்சுப் பட்டத்தில் ‘தொக்தர் எஸ் லெத்ர்’ என்று இன்னும் வாழ்கிறது. பழைய நூல்களில் போர்ச்சுகலுக்கும் டென்மார்க்குக்கும் ‘ஆன்’ போட்டிருப்பதைப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். விதி இறுகுவதற்கு முந்தைய காலத்து வழக்கு அது.

ஆர்ட்டிகிள் இல்லாத நாடுகளும் சில உண்டு. இஸ்ரேலுக்கு ஆர்ட்டிகிள் கிடையாது. இருந்தும் ‘ஆன் இஸ்ராயெல்’. ஹைட்டிக்கும் ஆர்ட்டிகிள் இல்லை. ‘ஆ’, ‘ஆன்’ இரண்டும் வழக்கில் இருந்தாலும் அந்நாட்டு மக்கள் ‘ஆன் ஆயித்தி’ என்றே சொல்கிறார்கள். ஒரு நாட்டவர் தங்கள் நாட்டை எப்படிச் சொல்கிறார்களோ அதைப் பின்பற்றுவதே முறை என்பது என் கருத்து. ஐயம் வந்தால் பார்க்க அதிகாரப்பூர்வமான பட்டியலும் இருக்கிறது. 1993 நவம்பரில் பிரெஞ்சு அரசு வெளியிட்ட ஆணை ஒன்று நாடுகளின் பெயர்களையும் தலைநகரங்களையும் வரிசைப்படுத்தித் தருகிறது.

இந்த விதிகள் வெறும் அலங்காரம் என்று யாராவது சொன்னால் கெபெக்கைக் காட்டுங்கள். ‘ஆ கெபெக்’ என்றால் கெபெக் நகரத்தில். ‘ஓ கெபெக்’ என்றால் அந்த நகரைத் தலைநகராகக் கொண்ட மாகாணத்தில். மொன்ட்ரியாலில் இருப்பவர் ‘ஓ கெபெக்’ இருக்கிறார்; ‘ஆ கெபெக்’ போக அவர் சில மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். லக்சம்பர்க்கும் இப்படியே: ‘ஆ’ போட்டால் தலைநகரம், ‘ஓ’ போட்டால் நாடு. குவைத்தும் அதே கதை. இந்தியப் பயண முகவர் ஒருவருக்கு வரும் பிரெஞ்சு மின்னஞ்சலில் இந்த ஒற்றைச் சொல்லைத் தவறாகப் படித்தால் விடுதி முன்பதிவே மாறிப்போகும்.

‘இலிருந்து’ பக்கம் வருவோம். நகரம் என்றால் ‘து’. பெண்பால் நாடும் உயிரொலியில் தொடங்கும் நாடும் ஆர்ட்டிகிள் இல்லாமல் ‘து’ பெறும்: ‘து ஃப்ரான்ஸ்’, ‘து ஷீன்’. உயிரொலிக்கு முன்னால் ‘து’வின் உயிர் கெட்டு ‘த்’ மட்டும் ஒட்டும்: ‘தேந்த்’, ‘திரான்’. ஆண்பால் நாட்டுக்கு ‘த்யூ ஜப்போன்’, பன்மைக்கு ‘தேஸ் எத்தாஸ் யூனி’. அதாவது ‘ஆன்’ வரும் நாட்டுக்கு ‘து’, ‘ஓ’ வரும் நாட்டுக்கு ‘த்யூ’, பன்மை ‘ஓ’வுக்கு ‘தே’. ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றது தானாக வரும்.

ஆர்ட்டிகிள் இல்லாத இந்த ‘து’ பெயர்ச்சொற்களோடு சேரும்போது அது எங்கிருந்து வந்தது என்பதைவிட எந்த வகையைச் சேர்ந்தது என்பதையே பெரும்பாலும் சொல்லும். ஓவியர்கள் பயன்படுத்தும் கருப்பு மையின் பெயர் ‘ஆன்க்ர் து ஷீன்’, சீன மை. பெயர்தான் அப்படி, மை சீனாவிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை. வான்கோழிக்கு இன்றைய பிரெஞ்சுப் பெயர் ‘தேந்த்’. ‘இந்தியக் கோழி’ என்று பொருள்பட்ட பழைய தொடரிலிருந்து கோழி உதிர்ந்து, ‘இந்தியாவின்’ என்ற பகுதி மட்டும் பறவையின் பெயராகிவிட்டது. அந்தப் பறவை வந்தது அமெரிக்கக் கண்டத்திலிருந்து; அந்தக் கண்டத்தை ஐரோப்பியர்கள் அன்று இந்தியா என்று அழைத்தார்கள். மாறாக, நாட்டை ஒரு நிலப்பரப்பாகப் பேசும்போது ஆர்ட்டிகிள் திரும்பி வந்துவிடும். பிரான்சின் வடபகுதி என்றால் ‘லு நோர் து லா ஃப்ரான்ஸ்’. அதில் ‘லா’வை விட்டால் காதில் உறுத்தும்.

முன்னிடைச்சொல்லே வேண்டாத வினைகள் சில உண்டு. சுற்றிப் பார்ப்பதற்கான ‘விஸித்தே’, விட்டு நீங்குவதற்கான ‘கித்தே’ இரண்டும் நாட்டை நேரடியாக எடுத்துக்கொள்ளும்: ‘விஸித்தே லு ஜப்போன்’, ‘கித்தே லா ஃப்ரான்ஸ்’. ‘ஜப்பானுக்குச் சுற்றுலா’ என்று தமிழில் யோசித்து நடுவில் ‘ஓ’ போட்டுவிடக்கூடாது.

தீவுகள்தான் இந்தப் பாடத்தின் மிகச் சுவையான பகுதி. ஆர்ட்டிகிள் இல்லாத தீவு, நாடாகவே இருந்தாலும், நகரத்தைப்போல் ‘ஆ’ பெறும். கியூபா, மால்டா, சைப்ரஸ், மடகாஸ்கர், சிங்கப்பூர், தைவான், தஹிதி எல்லாம் இந்த வகை. கியூபாவில் ‘ஆ கியூபா’, கியூபாவிலிருந்து ‘து கியூபா’. ஐரோப்பாவின் பெரிய தீவுகளும் நீண்ட காலமாக நாடுகளைப்போல் நடத்தப்பட்ட தீவுகளும் பெண்பால் ஆர்ட்டிகிளோடு ‘ஆன்’ பெறும்: ‘ஆன் கோர்ஸ்’, ‘ஆன் சிசில்’, ‘ஆன் இர்லாந்த்’, ‘ஆன் இஸ்லாந்த்’. மூன்றாவது வகை, ஆர்ட்டிகிளை விடாமல் வைத்துக்கொண்டு ‘ஆ லா’ பெறுவது. ‘ஆ லா ரெயூனியோன்’ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் அந்தத் தீவுக்கு ‘ஆன்’ போட்டால் அங்குள்ளவர்கள் உடனே திருத்துவார்கள்.

குவாதலூப், மர்த்தினிக் தீவுகள் ‘ஆன்’, ‘ஆ லா’ ஆகிய இரண்டு வகைகளுக்கும் நடுவில் நிற்கின்றன. 1853-இல் மர்த்தினிக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களின் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. அவர்களில் தமிழர்கள் பலர். அந்தக் காலத்து எழுத்துகளில் ‘ஆ லா மர்த்தினிக்’ என்றுதான் காண்போம். இன்று ‘ஆன் மர்த்தினிக்’, ‘ஆன் குவாதலூப்’ பரவிவிட்டன. பழைய வடிவம் தவறாகிவிடவில்லை. முன்னோர்களைத் தேடி அந்த ஆவணங்களைப் புரட்டுபவர்களுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

மொரீஷியஸின் கதை இன்னும் நீளமானது. இன்று ‘ஆ மொரீஸ்’ என்றோ ‘ஆ லில் மொரீஸ்’ என்றோ சொல்கிறார்கள். ஆனால் 1810-இல் பிரிட்டிஷார் கைப்பற்றும் வரை அதன் பெயர் ‘ஈல் து ஃப்ரான்ஸ்’, பிரான்ஸ் தீவு. 1746-இல் சென்னையைப் பிடித்த லா பூர்தொனே அந்தத் தீவின் ஆளுநராக இருந்தவர்தான். பெர்னார்தேன் து சேன்பியர் 1773-இல் வெளியிட்ட பயண நூலின் தலைப்பில் அந்தத் தீவுக்கு முன்னால் நிற்பது ‘ஆ’. இன்றைக்கு ‘ஈல் து ஃப்ரான்ஸ்’ என்றால் பாரிஸைச் சுற்றியுள்ள மண்டலம். அதில் கடல் இல்லை. மண்டலம் என்பதால் அதற்கு ‘ஆன்’. பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணத்தில் ‘ஆ’வோடு வந்தால் இந்தியப் பெருங்கடல்; இன்றைய பணியாணையில் ‘ஆன்’ என்று இருந்தால் பாரிஸ் வட்டாரம்.

இலங்கைக்கும் இப்படி ஒரு மாற்றம் நடந்தது. ‘செலான்’ என்ற பழைய பெயர் ஆர்ட்டிகிள் இல்லாத தீவுப் பெயர். எனவே ‘ஆ செலான்’, ‘து செலான்’. 1972-இல் நாடு ஸ்ரீலங்கா என்று பெயர் மாறியது. பிரெஞ்சு அந்தப் புதுப் பெயரை ஆண்பால் நாட்டுப் பெயராக ஏற்றுக்கொண்டது. எனவே இன்று ‘ஓ ஸ்ரீ லங்கா’, ‘த்யூ ஸ்ரீ லங்கா’ என்பதே பரவலான வழக்கு. நிலம் அதே தீவு. பெயரோடு ஆர்ட்டிகிள் வந்து ஒட்டியதும் முன்னிடைச்சொல் மாறிவிட்டது. கடைகளில் தேயிலைப் பெட்டி மேலும் லவங்கப்பட்டைப் பொட்டலம் மேலும் மட்டும் ‘து செலான்’ இன்னும் இருக்கிறது. வகையைச் சொல்லும் ‘து’ அவ்வளவு எளிதில் போகாது.

இந்தியாவுக்கும் முன்னிடைச்சொல் மாறியிருக்கிறது. பிரெஞ்சு அமைச்சர் கோல்பேர் 1664-இல் தொடங்கிவைத்த வணிகக் கம்பெனியின் பெயரில் இந்தியா பன்மை: ‘தேஸ் ஏந்த்’. அங்கே போவதற்கும் ‘ஓஸ் ஏந்த்’ என்றார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது வெளியான அஞ்சல்தலைகளைப் பார்த்தவர்களுக்கு அதில் அச்சாகியிருக்கும் தொடர் நினைவிருக்கும்: இந்தியாவிலுள்ள பிரெஞ்சுக் குடியிருப்புகள் என்று பொருள்படும் நீண்ட பெயர். அதில் ‘ஆன் நேந்த்’ என்று இருக்காது. ‘தான் லேந்த்’ என்று இருக்கும். ‘தான்’ என்றால் ‘உள்ளே’. ஒரு பெரிய நிலப்பரப்புக்குள் ஆங்காங்கே சிதறிக் கிடந்த ஐந்து துண்டு நிலங்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு துல்லியம்! ஆர்ட்டிகிளும் உடன் வருவதைக் கவனியுங்கள். ‘ஆன்’ ஆர்ட்டிகிளை மறைக்கும். ‘தான்’ அதைக் கேட்டு வாங்கும்.

நாட்டைவிடச் சிறிய பகுதிகளுக்கு வந்தால் இந்தத் ‘தான்’ அடிக்கடி தலைகாட்டும். பெண்பால் மண்டலங்களுக்கு ‘ஆன்’: ‘ஆன் ப்ரெத்தாஞ்’, ‘ஆன் ப்ரொவான்ஸ்’. ஆண்பால் மண்டலங்களுக்குப் பெரும்பாலும் ‘தான் லு’. பிரான்சின் மாவட்டங்களில் பலவற்றுக்கும் அதுவே: ‘தான் லு நோர்’, ‘தான் லேஸ் இவ்லின்’. ஆறுகளின் பெயர்களை ஒட்டியமைந்த சில பெண்பால் மாவட்டங்கள் ‘ஆன்’ பெறும். லா கூர்னெவ் இருக்கும் ‘ஆன் சென் சேன் தெனி’ அப்படித்தான். பேச்சில் அந்த மாவட்டத்தை அதன் 93 என்ற எண்ணால் அழைக்கிறார்கள். எண்ணால் சொன்னால் மறுபடியும் ‘தான்’. பாரிஸின் வட்டங்களுக்கும் ‘தான்’தான். இந்திய மாநிலங்களில் ‘ஓ கேரளா’, ‘ஓ தமிழ்நாடு’, ‘ஓ ராஜஸ்தான்’ என்பவை ஆண்பால் நாடுகளைப் பின்பற்றுகின்றன. ‘ஆன் அஸ்ஸாம்’ உயிரொலி விதியைப் பின்பற்றுகிறது.

சேன் தெனி என்ற பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாரிஸின் வடக்கு எல்லையில் ஒரு சேன் தெனி. ரெயூனியோன் தீவின் தலைநகரமும் சேன் தெனி. ‘ஆ சேன் தெனி’ வேலை கிடைத்திருக்கிறது என்று காரைக்காலில் ஒருவர் சொன்னால் எது என்று கேட்கத்தான் வேண்டும். அடுத்து வரும் முன்னிடைச்சொல்தான் தெளிவாக்கும்: ‘ஆன் சென் சேன் தெனி’ என்றால் பாரிஸ் பக்கம், ‘ஆ லா ரெயூனியோன்’ என்றால் இந்தியப் பெருங்கடல்.

திசைகளிலும் கவனம் வேண்டும். ‘தான் லு ஸ்யூத் து லா ஃப்ரான்ஸ்’ என்றால் பிரான்சின் தென்பகுதிக்குள். ‘ஓ ஸ்யூத்’ என்று தொடங்கினால் ‘தெற்கே’ என்று மட்டும்தான் உறுதியாகச் சொல்லலாம். எல்லைக்கு வெளியேயும் இருக்கலாம். ஸ்பெயின் இருப்பது பிரான்சுக்கு ‘ஓ ஸ்யூத்’. மார்செய் இருப்பது அதன் ‘தான் லு ஸ்யூத்’.

தெரு முகவரிக்கு வந்தால் எல்லாமே உதிர்ந்துவிடும். ‘ஜாபித் ரூ த்யூமா’ என்றால் ‘துய்மா தெருவில் குடியிருக்கிறேன்’. நடுவில் முன்னிடைச்சொல்லும் இல்லை, ஆர்ட்டிகிளும் இல்லை. புதுச்சேரியின் கடலோரத் தெருக்களில் குடியிருந்தாலும் பாரிஸின் லா ஷப்பெல் பக்கம் குடியிருந்தாலும் இதே அமைப்புத்தான்.

இன்றைய பேச்சில் காதில் விழும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. வீட்டுத் தரகர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் ‘ஆ பாரி’ என்பதற்குப் பதிலாக ‘மேல்’ என்று பொருள்படும் ‘ஸ்யூர்’ போட்டு ‘ஸ்யூர் பாரி’ என்கிறார்கள். பாரிஸும் அதன் சுற்றுவட்டாரமும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. பிரெஞ்சு அகாதெமி இதைக் கண்டித்திருக்கிறது. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், எழுதும்போது தவிர்த்துவிடுங்கள். ‘ஸ்யூர்’ இயல்பாக வரும் இடம் ‘ஈல்’ என்ற சொல்லோடு சிறு தீவுகளைச் சொல்லும்போதுதான். மாஹே என்ற பெயர் கேரளக் கரையிலும் சேஷல்ஸ் தீவுக்கூட்டத்திலும் இருப்பதால் அங்கே ‘ஸ்யூர் லில் து மாஹே’ என்று விரித்துச் சொல்வது குழப்பத்தைத் தவிர்க்கும்.

இன்னொன்று, அவிஞோன். 1947-இல் ழான் விலார் தொடங்கிய நாடக விழாவால் உலகறிந்த ஊர் அது. அந்த விழாவுக்குப் போகிறவர்களில் பலர் ‘ஆன் அவிஞோன்’ என்று சொல்வதைக் கேட்கலாம். ‘ஆ’வும் ‘அ’வும் மோதாமல் இருக்க அப்படி என்று சிலர் விளக்குகிறார்கள். அது உண்மையானால் ‘ஆ அம்ஸ்தெர்தாம்’ என்றும் சொல்லக்கூடாது. ஆனால் எல்லாரும் அப்படியே சொல்கிறார்கள். திருத்தந்தையர்களின் ஆட்சிப் பகுதியாக அவிஞோன் தனி நாடுபோல் இருந்த காலத்தைப் பற்றி எழுதும்போது ‘ஆன்’ பொருந்தும். மற்றபடி அது ஒரு நகரம். ரயில் பயணச்சீட்டு வாங்கும்போதும் கடிதம் எழுதும்போதும் தயங்காமல் ‘ஆ அவிஞோன்’ என்றே சொல்லுங்கள்.